ஃபேன் போடாத நாப்பது நாள்

பங்குனி மாசம் பாதியில ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, கொளத்தூர்ல கலர் மீன் கடைங்க இருக்கிற தெருவுக்கு ரெண்டு தெரு பின்னாடி எங்க லைன் வீட்டுல, அஞ்சாவது போர்ஷன் யமுனாராணி வளர்த்த கறுப்பு மோலி குட்டி போட்டுச்சு, போட்ட குட்டிங்க அம்பத்தி மூணும் தண்ணியில நிக்காம மேல ஏறி வந்து காத்துல நீந்த ஆரம்பிச்சுது. மோலின்னா முட்டை போடுற மீன் இல்ல, குட்டி போடுற மீன்; வரும்போதே கண்ணும் வாலுமா முழுசா வரும், வந்த நிமிஷமே ஓட ஆரம்பிச்சுடும், ஓடித்தான் ஆகணும், ஏன்னா பெத்தவளே திரும்பி வாயைத் திறப்பா. இதெல்லாம் எனக்கு யமுனா சொல்லித் தெரியும். அவ கடைத்தெருவுல ஒரு மீன் கடையில தொட்டி கழுவுற வேலை பாத்தா. நான் முதல் போர்ஷன்ல இட்லி மாவு அரைச்சு விக்கிறேன், மாவு வச்சலான்னு கேட்டா இந்தப் பக்கம் யாரும் கை காட்டுவாங்க.

எங்க வீடு எப்படின்னா, ஏழு போர்ஷன், ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நடுவுல இருக்கிற சுவருங்க ஆள் உயரத்துக்கு மேல ஒரு அடி வந்து அதோட நின்னுடும், அதுக்கு மேல கூரை வரைக்கும் வெறும் வெளி. ஓனர் ஏகாம்பரம் செங்கல் மிச்சம் பிடிச்ச லட்சணம் அது. மூணாவது போர்ஷன்ல மிளகாய் தாளிச்சா ஏழு போர்ஷனும் தும்மும், ஆறாவது போர்ஷன்ல புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா ஏழு போர்ஷனும் தீர்ப்பு சொல்லும், ஒருத்தர் வீட்டுக் கொசு எல்லார் வீட்டுக் கொசு. குட்டிங்களும் அப்படித்தான் ஆச்சு. யமுனா வீட்டுல பொறந்துச்சே தவிர, பத்து நிமிஷத்துல எல்லார் வீட்டுலயும் இருந்துச்சு.

என் வீட்டுக்கு முதல் குட்டி சுவரைத் தாண்டி வந்தப்போ நான் கிரைண்டர்ல உளுந்து தள்ளிட்டு இருந்தேன். வெள்ளை மாவுக்கு மேல மிளகு மாதிரி கறுப்பா ஏதோ நிக்குது, தூசின்னு நெனச்சு ஊதினேன், ஊதின வேகத்துக்கு ஒரு முழம் பின்னாடி போய், வாலை ரெண்டு ஆட்டு ஆட்டி, பழையபடி அதே இடத்துக்கு வந்து நின்னு என்னைப் பாத்துச்சு. அட கண்றாவியே, மீனான்னு நான் கேக்கறதுக்குள்ள அதுக்குப் பின்னாடி இன்னும் ஏழெட்டு வருது, அதுக்கும் பின்னாடி யமுனா தலைவிரி கோலமா ஓடி வரா, கையில மீன் பிடிக்கிற வலை. 'அக்கா, ஃபேனை நிறுத்துங்கக்கா, உங்க கால்ல விழறேன், ஃபேனை நிறுத்துங்க!' நான் எட்டி சுவிட்சை அமுக்கறதுக்குள்ள ரெண்டு குட்டி அடிபட்டு, ஒரு சத்தம்கூட இல்லாம தரையில விழுந்துச்சு. அன்னிக்கு நிறுத்தின ஃபேன்தான்.

யாருக்காக நிறுத்தினோம்னா, மிதுனாவுக்காக. மிதுனா யமுனாவோட பொண்ணு, ஏழு வயசு, அம்பத்தூர்ல அப்பன் பிரேம்நாத் கிட்ட இருந்துச்சு. அந்த ஆள் அடிச்சு கையை ஒடிச்சு, ஒடிஞ்ச கையோட யமுனா வீட்டை விட்டு வந்தப்போ புள்ள கட்டில்ல தூங்கிட்டு இருந்துச்சாம், ஒத்தக் கையால தூக்க முடியலக்கான்னு ஒரே ஒரு தடவை என்கிட்ட சொல்லியிருக்கா, அப்புறம் அதைப் பத்தி வாயைத் திறந்ததில்ல. அதையே அவன் வக்கீல் 'பெத்த புள்ளைய விட்டுட்டுப் போனவ'ன்னு சொல்லி, கோர்ட்டு புள்ளைய அப்பன் கிட்ட குடுத்துட்டு இவளுக்கு மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமையை மட்டும் குடுத்துச்சு, காலையில பத்துலேர்ந்து சாயங்காலம் நாலு வரைக்கும். அதையாவது ஒழுங்கா அனுப்பினானா அந்தப் பாவி? ஒரு மாசம் ஜுரம், ஒரு மாசம் பரீட்சை, ஒரு மாசம் வண்டி பஞ்சர். மிச்சம் இருந்தது புதன்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் போன் மட்டும்தான்.

அந்த மோலியைக் கடைசியா வந்தப்போ புள்ளதான் கடையில கை காட்டி எடுத்துச்சு. எடுக்கும்போதே வயிறு சதுரமா இருந்துச்சு, குட்டி போடப் போகுதுன்னு யமுனாவுக்குத் தெரியும். அந்த வாரம் புதன்கிழமை போன்ல புள்ள கேட்டதும் அதைத்தான்.

'அம்மா, நம்ம மீன் குட்டி போட்டுச்சா?'

'போட்டுச்சுடா தங்கம். அம்பதுக்கு மேல. எல்லாம் வீடு பூரா பறக்குது.'

'நான் வர்ற வரைக்கும் பறக்குமா?'

'பறக்கும்டா. அம்மா பாத்துக்கறேன், நீ வர்ற வரைக்கும் பறக்கும்.'

ஏழு போர்ஷனும் சுவருக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேட்டுட்டுதான் இருந்தோம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பங்குனி பாதியிலேர்ந்து சித்திரை கடைசி வரைக்கும் ஏழு குடும்பம் வெந்து செத்துச்சு.

முதல் வாரம் திருவிழாதான், பொய் சொல்லக்கூடாது. பக்கத்துத் தெருக்காரங்க செருப்பைக் கழட்டி வச்சுட்டு வந்து பாத்தாங்க, ஒருத்தி கற்பூரத் தட்டோட வந்து நின்னா, புகை ஆகாதுன்னு யமுனா கும்பிட்டுத் திருப்பி அனுப்பினா, இன்னொருத்தர் மகளுக்குக் கல்யாணம் கூடி வரணும்னு குட்டிங்களைப் பாத்து வேண்டிக்கிட்டாரு. எல்லாரும் அண்ணாந்து பாத்து 'நல்லாத்தான் இருக்கு, ஆனா ஃபேன் இல்லையே'ன்னு அஞ்சு நிமிஷத்துல முந்தானையால கழுத்தைத் துடைச்சுக்கிட்டுக் கிளம்பினாங்க. ரெண்டாவது வாரம் ஈ காக்கா வரல. அதிசயமா இருந்தா என்ன, வேர்த்துக் கொட்டினா அஞ்சு நிமிஷம்தான். அவங்க போய் அவங்கவங்க வீட்டு ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிட்டாங்க, நாங்கதான் எங்க போறது?

யமுனா போட்ட சட்டம் ஒண்ணா ரெண்டா. ஃபேன் கூடாது, கொசுவத்தி கூடாது, சாம்பிராணி கூடாது, மிளகாய் தாளிக்கக்கூடாது, வாசக்கதவைப் படார்னு சாத்தக்கூடாது, தும்மினாக்கூட முந்தானையைப் பொத்திக்கிட்டுத் தும்மணும். ஜன்னல் வாசல் எல்லாத்துக்கும் கொசுவலை அடிச்சாச்சு, குட்டிங்க வெளிய போயிடாம. தொட்டித் தண்ணியில கால் பங்கை மட்டும் எடுத்துட்டுப் புதுசு ஊத்தற மாதிரி, விடிஞ்சதும் கதவைக் கால் பங்கு திறந்து கால் மணி நேரம் புதுக் காத்து விடணும், முழுசா திறந்தா குட்டிக்கு ஆகாது. மோலிக்கு உப்பு கொஞ்சம் பிடிக்கும்னு சொல்லி, உப்புத் தண்ணியில புடவையை நனைச்சு ஏழு வீட்டுலயும் கொடி கட்டித் தொங்கவிட்டா, காத்து ஈரமா இருக்கணும், காஞ்சா செவுள் ஒட்டிக்கும்னா. அந்தப் புடவை பட்டு எங்க தோளெல்லாம் உப்பு பூத்துப் போச்சு. பல்லியெல்லாம் பிடிச்சு தூரக் கொண்டு போய் விட்டாங்க, ஒட்டடையில குட்டி மாட்டிக்குதுன்னு தினமும் ஒட்டடை அடிச்சோம், தீபாவளிக்கே அடிக்காத வீடு அது.

சாப்பாடு அஞ்சு வேளை. குட்டிக்கு வயிறு கடுகளவு, ஒரே வேளையா போட்டா சாகும், கொஞ்சம் கொஞ்சமா போட்டுக்கிட்டே இருக்கணும். முட்டையை அவிச்சு மஞ்சக்கருவை மட்டும் எடுத்து, பழைய வேட்டித் துணியில வச்சுப் பிழிஞ்சு, உலர்த்திப் பொடியாக்கி, காலியான பவுடர் டப்பாவுல போட்டு வீட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்துட்டா. டப்பாவை மேல தூக்கி ஒரு அமுக்கு அமுக்கினா மஞ்சளா புகை மாதிரி கிளம்பும், குட்டிங்க எல்லா மூலையிலேர்ந்தும் ஓடி வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நாலாவது போர்ஷன் சிவகாமசுந்தரி டீச்சர் பிறந்ததுலேர்ந்து முட்டையைத் தொடாதவங்க, இந்த நாத்தத்துக்கு நான் மூணு வேளை குளிக்கறேன்னு வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் சொல்லி அழுதாங்க. ஒரு நாள் மாவு குடுக்கப் போனேன், டீச்சர் மூக்கைப் பொத்திக்கிட்டு இன்னொரு கையால பவுடர் டப்பாவை அமுக்கிட்டு நிக்கறாங்க. என்னைப் பாத்ததும் வெக்கப்பட்டு, 'பச்சைக் குழந்தைங்கதானே வச்சலா'ன்னாங்க. அந்த டீச்சரைத்தான் நான் கடைசி வரைக்கும் நம்பினேன்.

சித்திரை நெருங்கினதும் எல்லாம் மாறிடுச்சு. கூரைத் தகடு பகல் பதினோரு மணிக்கே தோசைக்கல்லு, உள்ள ஈரப் புடவை, கொசுவலை, ஆவியில வேக வச்ச மாதிரி நாங்க. முதுகெல்லாம் வேர்க்குரு, அக்குள்ல கட்டி. என் மாவு நாலு மணி நேரத்துல பொங்கிப் புளிச்சு வழிஞ்சுது, வாங்கறவங்க திருப்பிக் கொண்டு வந்து வாசல்ல வச்சுட்டுப் போனாங்க. எங்க வீட்டுக்காரர் தணிகாசலம் தண்ணி லாரி ஓட்டறாரு, நாலு நாள் அட்டையால விசிறிப் பாத்தாரு, அஞ்சாம் நாள் தலையணையைத் தூக்கிக்கிட்டு, 'நீ உன் மீனோட இரு, நான் லாரியோட குடும்பம் நடத்திக்கறேன்'னு வண்டியில போய்ப் படுத்துக்கிட்டாரு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு.

ஏப்ரல் மாசத்து ரெண்டாவது சனிக்கிழமைக்கு எல்லாரும் காத்திருந்தோம். அன்னிக்குப் புள்ள வந்து பாத்துட்டா முடிஞ்சுது, குட்டிங்களை யமுனா தொட்டிக்குள்ள விரட்டுவாளோ வேற என்ன பண்ணுவாளோ, எங்களுக்கு ஃபேன் வந்துடும். ஒம்பதரைக்கு பிரேம்நாத் போன் பண்ணான். புள்ளைக்கு வயித்து வலியாம். யமுனா சரிங்கன்னு சொல்லி வச்சுட்டா. ஓனர் ஏகாம்பரம் வாசல்லயே நின்னு, 'இன்னும் எத்தனை நாளைக்கும்மா இந்தக் கூத்து?'ன்னாரு. 'அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை வரைக்கும் சார்'னா. ஏழு போர்ஷன்லயும் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அன்னிக்குச் சாயங்காலம் ஏதோ ஒரு சுவருக்குப் பின்னாடிலேர்ந்து, 'பெத்த புள்ளைய விட்டுட்டு வந்தவளுக்கு மீன் குட்டி மேல பாசத்தைப் பாரு'ன்னு ஒரு குரல், எல்லாருக்கும் கேக்கற மாதிரியே வந்துச்சு. யாருன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அதைக் கேட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தவங்கள்ல நானும் ஒருத்தி.

மறுநாள் நான் அவ வீட்டுக்குப் போனேன். தொட்டியில அந்தத் தாய் மோலி மட்டும் தனியா, மேல பாத்துக்கிட்டு வாயைத் திறந்து திறந்து மூடிட்டு இருந்துச்சு. ரெண்டு மூணு தடவை எகிறிக்கூடப் பாத்துச்சு, தொட்டி மேல யமுனா கண்ணாடியை வச்சு மூடியிருந்தா.

'புள்ளைங்களைக் கூப்பிடுதாடி?'ன்னேன்.

'கூப்பிடல அக்கா, திங்கப் பாக்குது. அதுக்கு அது குட்டின்னு தெரியாது, பசிதான் தெரியும். குட்டி போடுற மீன் வளர்க்கறவங்க முதல்ல பண்ற வேலை தாயைப் பிரிக்கறதுதான்.' துணியில மஞ்சக்கருவை வச்சுப் பிழிஞ்சுக்கிட்டே சொன்னா. 'அந்த ஜட்ஜும் அப்படித்தான்கா நெனச்சிருப்பாரு என்னைப் பத்தி.'

எனக்கு அவளை அறையணும் போல இருந்துச்சு, கட்டிப் பிடிச்சுக்கணும் போலவும் இருந்துச்சு. ரெண்டும் பண்ணல, காலி டப்பாவை நிரப்பி வாங்கிட்டு வந்தேன்.

அதுக்கப்புறம்தான் பெரிய வினை வந்துச்சு. யமுனா போன்ல எடுத்து அனுப்பின வீடியோவைப் புள்ள அப்பன் கிட்டக் காட்டியிருக்கு, மங்கலான வெளிச்சத்துல அது வெறும் புள்ளி புள்ளியா விழுந்திருக்கு, கொசு இதுன்னு சொல்லிட்டான் அவன். புள்ள விடல, அம்மா வீட்டுல மீன் பறக்குதுன்னு ஸ்கூல்ல சொல்லி, மிஸ் கூப்பிட்டு விசாரிச்சு, அவனுக்கு மானம் போயிடுச்சு. மே மாசம் முதல் புதன்கிழமை புள்ளைக்குப் பதிலா அவனே பேசினான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தா யமுனா, ஏழு வீடும் கேட்டோம். 'சனிக்கிழமை நானே கூட்டிட்டு வரேன், நானே உள்ள வந்து பாக்கறேன். பறந்துச்சுன்னா உன் பொண்ணு மாசம் நாலு சனிக்கிழமையும் உன்கிட்ட வரட்டும், நான் தடுக்கல. பறக்கலேன்னு வையி, புத்தி சரியில்லாதவகிட்ட புள்ளைய விடமுடியாதுன்னு எழுதிக் குடுத்து அந்த ஒரு சனிக்கிழமையையும் நிறுத்திடுவேன்.' யமுனாவுக்குக் கோபமே வரல, சிரிச்சா. 'பறக்குதே அக்கா! நாலு சனிக்கிழமைக்கா!'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா, அந்தச் சிரிப்பை அதுக்கு முன்னாடி நான் பாத்ததில்ல. அன்னிக்கு ராத்திரி எங்க லைன்ல யாரும் முணுமுணுக்கல. மூணே நாள், பல்லைக் கடிச்சுக்குவோம்னு ஆயிடுச்சு எல்லாருக்கும்.

குட்டிங்க அப்போ முப்பத்தி ஒண்ணு மிச்சம். பொறந்தப்போ மிளகு அளவு இருந்தது இப்போ கட்டை விரல் நகத்து அளவு, நல்ல கறுப்பு, வெயில் பட்டா ஓரத்துல கொஞ்சம் நீலம் அடிக்கும். உச்சி வெயில்ல எல்லாம் என் வீட்டுக்குத்தான் வரும், கிரைண்டரும் ஊற வச்ச அரிசி அண்டாவுமா என் போர்ஷன்ல ஈரம் ஜாஸ்தி. அண்டாவுக்கு மேல சேந்து நின்னு சும்மா வாலை மட்டும் ஆட்டிக்கிட்டு இருக்கும். நானும் அரிசியை அளைஞ்சுக்கிட்டே அதுங்ககிட்டப் பேசுவேன், எங்க வீட்டுக்காரர் மேல உள்ள கோபத்தையெல்லாம் அதுங்ககிட்டதான் கொட்டுவேன். பிடிச்சுப் போச்சு எனக்கு, சொன்னா என்ன.

சனிக்கிழமை வந்துச்சு. அக்னி நட்சத்திரம். யமுனா விடியக்காலமே குளிச்சு, பச்சைப் புடவை கட்டி, புள்ளைக்குப் பிடிச்ச சேமியா பாயசம் வச்சு, பத்து மணிக்கு வாசல்ல நின்னா. பதினொண்ணு ஆச்சு, வரல. பன்னண்டு ஆச்சு, வரல. வெயில்ல கொடிப் புடவையெல்லாம் மொறமொறன்னு காஞ்சுபோக ஆரம்பிச்சுது, குட்டிங்க ரெண்டு மூணு சோர்ந்து தாழப் பறக்குது. 'அக்கா, அஞ்சு நிமிஷம் பாத்துக்கங்க, பின்னாடி போய்ப் புடவையை நனைச்சுட்டு ஓடி வந்துடறேன்'னு சொல்லிட்டு, ஏழு புடவையையும் வாரிக்கிட்டு அடிபம்புக்குப் போனா.

அவ போன ரெண்டாவது நிமிஷம் வண்டி வந்து நின்னுச்சு. புள்ள இறங்கி ஓடி வந்து கொசுவலையை ஒதுக்கிட்டு முதல் வாசல்ல, என் வாசல்ல நிக்குது. அம்பத்தூர்லேர்ந்து அந்த வெயில்ல வண்டியில முன்னாடி உக்காந்து வந்திருக்கு, முகம் கொதிச்சு செக்கச் செவேல்னு, முடியெல்லாம் நெத்தியில ஒட்டிக்கிட்டு, மூச்சு வாங்குது. 'ஆன்ட்டி, எங்கம்மா வீடு…'ங்குது. 'ஐயோ என் கண்ணு, இப்படியா வெந்து வர்றது, உள்ள வாடா, உக்காரு, தண்ணி குடி'ன்னேன்.

வீட்டுக்கு ஒருத்தர் வந்தா நம்ம என்ன பண்ணுவோம்? உக்காருங்கன்னு சொல்ற வாய்க்கு முன்னாடி கை என்ன பண்ணும்? முப்பது வருஷமா என் வாசல்ல வந்து நின்ன அத்தனை பேருக்கும், மாவு வாங்க வந்தவங்களுக்கு, கேஸ் சிலிண்டர் தூக்கிட்டு வந்தவருக்கு, ஓட்டு கேட்டு வந்தவங்களுக்கு, என் கை பண்ணின அதே வேலையை அன்னிக்கும் பண்ணிடுச்சு. நாப்பது நாள் நான் காவல் காத்த சுவிட்சு. எனக்காகப் போடல, எங்க வீட்டுக்காரருக்காகப் போடல. புள்ளைக்கு வேர்க்குதேன்னு போட்டேன்.

என் ஃபேன் பழைய ஃபேன், மெதுவாத்தான் கிளம்பும். அது ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள புள்ள அண்ணாந்து பாத்துச்சு. அண்டாவுக்கு மேல முப்பத்தி ஒண்ணும் நிக்குது. 'ஐ…!'ன்னு ரெண்டு கையையும் மேல தூக்கிச்சு. அந்தக் காத்து அதுங்களைத் தூக்கிச்சு, அதுங்களுக்கு ஃபேன்னா என்னன்னே தெரியாது, புதுக் காத்துன்னு நெனச்சு மேல போச்சு. நான் என்ன பண்ணினேன்னு எனக்கு விளங்கி, சுவிட்சை அமுக்கி, அமுக்கின பின்னாடியும் அது சுத்திட்டே இருந்துச்சு. நிக்கும்போது புள்ளையோட தூக்கின கையில, தலையில, தரையில, அரிசி அண்டாவுல, எல்லா இடத்துலயும் கறுப்பு கறுப்பா கிடந்துச்சு. தப்பிச்சது எட்டோ பத்தோ, சுவரைத் தாண்டி ரெண்டாவது போர்ஷன் பக்கம் பறந்துடுச்சு.

புள்ள கத்தின சத்தத்துல பிரேம்நாத் செருப்போட உள்ள வந்தான். பின்பக்கத்துலேர்ந்து யமுனா, தோள்ல சொட்டச் சொட்ட ஏழு புடவையோட, ஓடி வந்து வாசல்ல நின்னா. அவன் தரையைப் பாத்தான். கால் நுனியால ஒண்ணைத் தள்ளிப் பாத்தான். செத்த மீனு செத்த மீனுதானே, அது பறந்துச்சுன்னு அதுல எழுதியா இருக்கு?

'வீடு பூரா செத்த மீனை இறைச்சு வச்சிருக்கா. இதைக் காட்டத்தான் கூப்பிட்டாளா?'

'பறந்துச்சுப்பா! நான் பாத்தேன்பா!'ன்னு புள்ள அழுவுது.

அவன் என் பக்கம் திரும்பினான். 'நீங்க பெரியவங்க, நீங்க சொல்லுங்கம்மா. மீன் பறந்துச்சா?'

ஆமான்னு சொல்லணும். ஒரே ஒரு வார்த்தை. சொன்னா, அப்புறம் எப்படி விழுந்துச்சுன்னு கேப்பான். ஃபேனை யார் போட்டாங்கன்னு கேப்பான். யமுனா என் முகத்தையே பாத்துட்டு நிக்கறா, 'சொல்லுங்கக்கா'ங்கறா. அவளுக்கு இன்னும் தெரியல, ஃபேன் நின்னுடுச்சு, யார் போட்டாங்கன்னு அவளுக்குத் தெரியல. என் விரல் இன்னும் சுவிட்சு மேல. நான் சொன்னேன், 'ஏதோ… குழந்தையை சந்தோஷப்படுத்த கதை சொல்லியிருக்கும் சார், தாய் மனசு.' தாய் மனசுன்னு வேற சேத்துக்கிட்டேன், என் நாக்குல புத்து வைக்க.

'பாத்தியா'ன்னான் அவன் புள்ளகிட்ட. 'உங்கம்மா சொல்லிச் சொல்லி உனக்கும் அப்படியே தெரியுது.' புள்ள அழுகையை நிறுத்திட்டு என்னைப் பாத்துச்சு. கையில ஒட்டியிருந்த மீனை என் கண்ணு முன்னாடி தூக்கிக் காட்டிச்சு. நான் வேற பக்கம் பாத்தேன்.

'இன்னும் இருக்குங்க, எல்லாம் செத்திருக்காது, காட்டறேன், ஒரே ஒரு நிமிஷம்!' யமுனா புடவையையெல்லாம் அப்படியே போட்டுட்டு ரெண்டாவது போர்ஷனுக்கு ஓடினா. அவ வாசலைத் தொடறதுக்குள்ள உள்ள டக்குன்னு ஒரு சத்தம், ரெண்டாவது போர்ஷன் ஃபேன் சுத்த ஆரம்பிச்சுது. என் ஃபேன் ஓடின சத்தம் கூரை வழியா எல்லாருக்கும் கேட்டுடுச்சே. மூணாவது போர்ஷனுக்கு ஓடினா, அங்கயும் டக்கு. 'முதல் போர்ஷன்லயே போட்டாச்சு, இன்னும் நமக்கென்ன'ன்னு நாலாவது போர்ஷன்லேர்ந்து டீச்சர் குரல் தெளிவா கேட்டுச்சு, அதுக்குப் பின்னாடி டக்கு. அஞ்சாவது அவ போர்ஷன், அதுல ஒண்ணும் இல்ல, வெறும் தொட்டி. ஆறாவது, ஏழாவது. நாப்பது நாள் நின்ன ஃபேனுங்க எல்லாம் ஒண்ணா சுத்தி, கூரைத் தகடே அதிர்ந்துச்சு. அவ ஒவ்வொரு வாசலா நின்னு, 'நிறுத்துங்க, நிறுத்துங்க, ஒண்ணு போதும், ஒண்ணே ஒண்ணு போதும்'னு கத்தறா. ஃபேன் சத்தத்துல யாருக்கும் கேக்கலைன்னு அப்புறம் எல்லாரும் சொன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு.

அவன் புள்ளையைத் தூக்கி வண்டியில உக்கார வச்சான். அது திமிறல, அழல, 'அம்மா'ன்னு ஒரு தடவை கூப்பிட்டுச்சு. யமுனா ஏழாவது போர்ஷன்லேர்ந்து ஓடி வர்றதுக்குள்ள வண்டி தெரு முனை திரும்பிடுச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு அவ முறமும் துடைப்பமுமா வந்து என் வாசல்ல நின்னா. என்னைத் திட்டுவா, மண்ணை வாரி இறைப்பான்னு நெனச்சு நின்னேன். 'அக்கா, உங்க வீட்டுல விழுந்ததை நான் கூட்டிக்கறேன்'னா. அவ்வளவுதான். என் அரிசியைக்கூட அளைஞ்சு பாத்து, உள்ள கிடந்ததை ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டா. யார் ஃபேன் போட்டாங்கன்னு அவ என்னைக் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு இப்போ சொல்லிக்கறேன், அது எந்த அளவுக்கு நிஜம்னு எனக்கே தெரியாது.

ஆனி மாசம் கோர்ட்டுக் காகிதம் வந்துச்சு. சனிக்கிழமை போச்சு, புதன்கிழமை போனும் போச்சு. அதுல 'அண்டை வீட்டில் வசிக்கும் வச்சலா என்பவரின் கூற்றுப்படி'ன்னு ஒரு வரி இருந்துச்சு, டீச்சர்தான் படிச்சுக் காட்டினாங்க. அந்த மாசமே யமுனா காலி பண்ணிட்டுப் போயிட்டா, எங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. இப்போ அஞ்சாவது போர்ஷன்ல வேற குடும்பம் இருக்கு. மீன் பறந்துச்சாமேன்னு அவங்க கேட்டா, லைன்ல அத்தனை பேரும் அதெல்லாம் யாரோ கட்டி விட்டதுன்னு சொல்றாங்க.

ஒண்ணு மட்டும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்கு அவ கூட்டி அள்ளிட்டுப் போனதும் நான் கதவைச் சாத்தினேன். அழணும்னுதான் சாத்தினேன், சத்தியமா. சுவிட்சைத் தட்டிட்டு வெறும் தரையில படுத்தேன், வேர்க்குரு மேல அந்தக் காத்து பட்டதும் அப்படி ஒரு சுகம், கண்ணு தானா சொருகிடுச்சு. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அசந்து தூங்கினேன்.